உப்புப் பார்க்க ஓர் ஆள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. விஷயம் அலுவலகம் சம்பந்தப்பட்டது.

ஆறு வருடத்தில் இதுதான் முதல் கடிதம் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை.

நான் ஓர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்றாவது மாடி. இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி, சுவர் நெடுக மர இழுப்பறைகள். இழுப்பறை நிறைய உள்ளங்கை அகல அட்டைச் சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு பொருள். மேலே சொல், அதன் கீழே பொருள், அதற்கும் கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம், கடைசி வரியில் அதைச் சொன்னவர் யார் என்று இருக்கும். இந்த வருடம் எனக்கு 'உ' கொடுத்திருக்கிறார்கள். உடம்பு, உதடு, உதை எல்லாம் வாங்கிக்கொண்டு 'உப்பு' வரை வந்து நிற்கிறேன்.

இங்கே ஒரு கறாரான விதி உண்டு. எடுத்துக்காட்டை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாராவது ஒருவர் தேவைப்பட்டு, உண்மையாகவே வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும். அதுவும் கையால் எழுதி வந்தால்தான் ஆதாரம். போனில் கேட்டேன் என்றால் செல்லாது. 'உப்பு' என்றதும் எனக்கு உன் வாயைத் தவிர வேறு வாய் ஞாபகத்துக்கு வரவில்லை.

முடிந்தால் உப்பு வரும் பேச்சுகளை எழுதி அனுப்பு. சீட்டுக்கான வாக்கியத்துக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போடு. அடிக்கோடு போட்டது அகராதிக்கு, மீதிக் கடிதம் எனக்கு. ஒன்றோடொன்று கலக்காது.

பஸ் டிப்போ கேன்டீனில்தான் இன்னும் சமைக்கிறாயா? பழைய வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இளைத்துத்தான் போயிருப்பாய், கேட்கவே வேண்டாம்.

நல்லா இருக்குடா உன் நியாயம்! ஆறு வருஷமாக ஆளும் இல்லை, அட்ரஸும் இல்லை. டிப்போவுக்குள் வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் கேன்டீன் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு கடிதம். அதில் அக்காவுக்கு அரை வரி, உப்புக்கு ஒரு பக்கம்.

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணம் இல்லை. காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை, எழுந்து வேலைக்கும் போய்விட்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கே எழுதித் திட்டியிருப்பேன்.

போன் செல்லாது என்றதும் நல்லதுதான். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்திடம் கத்தினால் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கேட்டாயே, எழுதுகிறேன். நேற்று ஒரு டிரைவர் தன் மகளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அவரிடம் நான் சொன்னது:

"என் தம்பியும் இப்படித்தான், நடக்க மாட்டேன்னு அடம் பிடிப்பான். பள்ளிக்கூடம் வரைக்கும் உப்பு மூட்டை தூக்கிக்கிட்டே போவேன்."

இன்னொன்று:

"காய்ச்சல் விட்டதுலேருந்து வாய்ல உப்பு உறைப்பு ஒண்ணும் தெரியல."

இது யார் சொன்னது என்று துருவாதே. கேன்டீனில் ஒருத்தி சொன்னாள்.

இரண்டுக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனா மேனேஜர் மேஜையிலிருந்து எடுத்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நான் இளைக்கவில்லை, பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன். நுனிப்பக்கமாக.

அக்கா, இரண்டும் முத்து! 'உப்பு மூட்டை'க்கு எங்களிடம் 'ஒரு சிறுவர் விளையாட்டு' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'உப்பு உறைப்பு' என்று சேர்த்துச் சொல்லி ருசியைக் குறிக்கும் வாக்கியத்துக்காக நான் இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த ஒருத்திக்கு என் நன்றியைச் சொல்.

சீட்டுகளை இங்கே ஒரு டைப்பிஸ்ட் அம்மா அடிக்கிறார். அடித்துக்கொண்டே, "ஐயோ பாவம் சார், அவங்களுக்கு இப்ப வாய் சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"அம்மா, அது எடுத்துக்காட்டு."

"எடுத்துக்காட்டா இருந்தா என்ன சார், நாக்கு நாக்குதானே?"

அவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் 'உதை' சீட்டை அடித்துவிட்டு, உதை வாங்கியவனுக்காக அரை நாள் வருத்தப்பட்டார்.

இன்னும் அனுப்பு. கோபமாகவே அனுப்பு, பரவாயில்லை. உன் கோபத்தில்தான் நல்ல வாக்கியமாக வருகிறது.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நான் சுகம், நீ சுகமா? டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நல்ல மனசுக்காரி. அந்த ஒருத்திக்கு வாய் இன்னும் சரியாகவில்லை என்றும் சொல்.

கேன்டீன் வழக்கம்போல ஓடுகிறது. விடிந்ததும் முதல் ஷிப்ட் டிரைவர்கள். பதினொரு மணிக்கு மெக்கானிக்குகள் கையில் கிரீஸோடு வந்து என் கதவெல்லாம் கைரேகை வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு உதவிக்குச் சின்னவள் என்று ஒரு பெண் இருக்கிறாள். காய் நறுக்குவாள், பயந்த சுபாவம். கத்தியைப் பார்த்தே பயப்படுகிறாள், அப்புறம் எப்படி நறுக்குவாள் சொல். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

சீட்டுக்கு:

"போட்டேனா போடலையான்னு சந்தேகம் வந்து, ரெண்டாவது தடவையும் உப்பை அள்ளிப் போட்டுட்டேன்."

"உப்புக் கரிக்குதுன்னு நூத்திப்பத்துத் தட்டும் அப்படியே திரும்பி வந்திருச்சு."

"என்னக்கா, கடலையே கொண்டாந்து ஊத்திட்டீங்களா?"

எல்லாம் அதே ஒருத்தி சம்பந்தப்பட்டதுதான். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உன் வாக்கியங்கள் கிடைத்தன. 'உப்புக் கரித்தல்' சீட்டுக்கு நூற்றுப்பத்துத் தட்டு என்ற கணக்கு பிரமாதம், யாராலும் இட்டுக்கட்ட முடியாது. மூன்றாவதில் உப்பு என்ற சொல்லே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அதில் வருத்தம். "'என்னக்கா'ன்னு யாரைக் கேக்குறாங்க சார்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கேன்டீனில் எல்லாரும் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை.

இங்கே நான் இருப்பது ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடினால் என் டம்ளர் மேஜையில் தானாக நகர்ந்து விளிம்புக்கு வரும். சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில். அங்கே யார் சமைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவரில் ஒரு சதுர ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தட்டு வரும்.

நேற்று அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. எங்களிடம் 'உப்புப் பார்த்தல்' என்பதற்குச் சீட்டே இல்லை. அம்மா போன பிறகு நம் வீட்டில் நீ ருசி பார்த்து நான் பார்த்ததே இல்லையே. நீ சமைப்பாய், நான் உப்புப் பார்ப்பேன், அதுதான் வழக்கம். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, மூன்று தடவை ஊதி, என் இடது உள்ளங்கையில் விட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். ஏழு வயதில் ஆரம்பித்தது. வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

அதற்கு ஒரு வாக்கியம் அனுப்பு. நம் வீட்டு வாக்கியமாக இருக்கட்டும்.

ஆறு வருடமாக என் உள்ளங்கையில் யாரும் எதையும் விடவில்லை அக்கா.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

சுகம்தான். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலை அதிகம் என்று எழுதலாம், ஆனால் வேலை குறைந்துவிட்டது. நேரம் நிறைய இருக்கிறது. எழுதத்தான் வரவில்லை.

உள்ளங்கையைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன். நீ கேட்ட உப்புப் பார்க்கும் வாக்கியம் இப்போது என்னிடம் இல்லை.

நீ போன பிறகு எனக்கு நானே உப்புப் பார்த்துக்கொண்டேன். முதல் மாதம் கரண்டியோடு பக்கத்தில் திரும்புவேன், சுவர்தான் இருக்கும். அப்புறம் பழகிவிட்டது.

சீட்டுக்கு:

"அடுப்புப் பக்கமே வரவேணாம்னு மேனேஜர் சொல்லிட்டார். சமையல் எல்லாம் சின்னவதான். கேன்டீன்ல நான் இப்ப உப்புக்குச் சப்பாணி."

"காயை நறுக்கு, பாத்திரத்தைக் கழுவு, வீட்டுக்குப் போ. உப்புச் சப்பில்லாம போகுது பொழுது."

'உப்புக்குச் சப்பாணி' என்றால் உனக்குத்தான் தெரியுமே. விளையாட்டில் ஆளோடு ஆளாக நிற்க வைத்திருப்பார்கள், ஆட்டத்தில் கணக்கு கிடையாது.

இன்னொன்று இருக்கிறது. சோற்றில் உப்புப் போட்டுத் தின்பதைப் பற்றியது. அதற்கு நான் வாக்கியம் எழுதி அனுப்ப மாட்டேன். உன்னிடமே இருக்கிறது.

உன் அக்கா

ஜூன் 28

அக்காவுக்கு,

நலம். இரண்டு வாக்கியங்களும் வந்தன, சீட்டுப் போட்டாயிற்று. அந்த ஒருத்தியின் பேச்சில் நல்ல வேகம் இருக்கிறது.

மூன்றாவது என்னிடமே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஆமாம், இருக்கிறது. 'உப்பு' இழுப்பறையில் நான் போட்ட முதல் சீட்டே அதுதான். அதைப் பற்றி எழுதப்போவதில்லை என்று மார்ச்சில் சொன்னேன். இப்போது எழுதுகிறேன்.

டிப்போ மேனேஜர் உன் கைப்பக்குவம் பார்த்து வேலை தருவதற்காக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நான் ஜன்னலோரம் புத்தகத்துக்குள் கிடந்தேன். உப்புப் பார்க்க வாடா என்று நீ இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாய் வைத்த பிறகுதான், பழக்கதோஷத்தில், "உப்பு கம்மிக்கா" என்று உரக்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அவர் வேலையைத் தந்துவிட்டுப் போனதும் நீ கேட்டாய். "மூணு வருஷமா வேலைவெட்டி இல்லாம உக்காந்து திங்கிறியே, சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிற?"

பொருள்: ரோஷமே கிடையாதா. எடுத்துக்காட்டு: மேலே உள்ளது. சொன்னவர் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நிரப்பக் கை வரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். இங்கே வந்து, ரோஷத்தில் மூன்று நாள் உப்பே இல்லாமல் சாப்பிட்டேன். நாலாம் நாள் பக்கத்தில் சாப்பிட்டவரின் உப்புக் கிண்ணத்தைக் கேட்காமலே இழுத்துவிட்டேன். என் ரோஷத்தின் ஆயுள் அவ்வளவுதான். அன்றைக்கே திரும்பி வந்திருக்கலாம். வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு வருடம் ஆகிவிட்டது, அப்புறம் வருடம் ஆக ஆக இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் உடம்பு சுகம்தானே?

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், தினமும் கண்ணில் படட்டும் என்று. பதில் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எனக்கு நேராக எழுதத் தெரியவில்லை. திட்டத் தெரிகிறது, விசாரிக்கத் தெரிகிறது, நடுவில் இருப்பது தெரியவில்லை. அதனால் நீ சொல்லிக்கொடுத்த முறையிலேயே எழுதுகிறேன். இந்தத் தடவை இரண்டே வாக்கியம், இரண்டுக்கும் சிவப்பு மை.

"உப்புப் பெறாத விஷயத்துக்கு ஒத்தைத் தம்பியைத் தொலைச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"வர்ற பதினெட்டாம் தேதி மேனேஜருக்கும் ரெண்டு ஆபீஸருக்கும் சமைச்சுக் காட்டணும். சரியா வந்தா மறுபடி அடுப்பு, இல்லைன்னா சீட்டுக் கிழிஞ்சது. நாக்கு செத்துக் கெடக்கு, உப்புப் பார்க்க ஆள் இல்லை."

சொன்னவர் அதே ஒருத்தி.

மழைக்காலம் வருகிறது, குடை வைத்திருக்கிறாயா?

உன் அக்கா

ஆகஸ்ட் 12, விரைவுத் தபால்

அக்கா,

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தண்டனை.

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. பிரித்தேன். சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்ததும் கை தானாகச் சீட்டை எடுத்தது. 'உப்புப் பெறாத: அற்பமான, பொருட்படுத்தத் தகாத' என்று எழுதினேன். 'உப்புப் பார்த்தல்: சமைத்த உணவில் உப்பின் அளவைச் சுவைத்து அறிதல்' என்று எழுதினேன். சொன்னவர், கேன்டீனில் ஒருத்தி. மை காய ஊதினேன். இரண்டையும் டைப்பிஸ்ட் அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், அக்கா. நல்ல வாக்கியம் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

அவர் மூன்று நாள் லீவு. இன்று காலை வந்து அடிக்க உட்கார்ந்தவர், பாதியில் எழுந்து என் மேஜைக்கு வந்தார். எட்டுச் சீட்டையும் வரிசையாகப் பரப்பினார். நாங்கள் சீட்டைப் பொருள்வாரியாகத்தான் அடுக்குவோம். அவர் வந்த தேதிப்படி அடுக்கியிருந்தார். அவர் அடிப்பது அந்த வரிசையில்தானே.

"படிங்க சார்."

"படிச்சதுதானேம்மா. நான்தானே எழுதினேன்."

"எழுதினீங்க. படிக்கல."

படித்தேன். உப்பு மூட்டை தூக்கியவளுக்குக் காய்ச்சல் வருகிறது. வாயில் உப்பு உறைப்பு தெரியவில்லை. போட்ட உப்பையே மறுபடி போடுகிறாள். நூற்றுப்பத்துத் தட்டு திரும்பி வருகிறது. அடுப்பை விட்டு விரட்டுகிறார்கள். உப்புச் சப்பில்லாமல் பொழுது போகிறது. தம்பியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். உப்புப் பார்க்க ஆள் இல்லை.

டைப்பிஸ்ட் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏப்ரல்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், யாருக்கு சார் வாய் சரியில்லன்னு. எடுத்துக்காட்டு எடுத்துக்காட்டுன்னே சொன்னீங்க. இட்டுக்கட்டக் கூடாதுங்கிறது உங்க ஆபீஸ் விதிதானே?"

எங்கள் விதிதான். உண்மையாகச் சொன்னதாக இருக்க வேண்டும் என்று நான்தான் உனக்கு எழுதினேன். நீ விதிப்படி எழுதினாய். அடிக்கோடு போட்டது அகராதிக்கு, மீதி எனக்கு என்று நான் பிரித்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! 'நன்றாக இருக்கிறேன்' என்பதை எனக்கு எழுதிவிட்டு, நன்றாக இல்லாததை எல்லாம் அகராதியிடம் சொல்லியிருக்கிறாய். நான் அதற்கு நன்றிக் கடிதம் போட்டேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினேழாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன், சாயங்காலம் டிப்போவுக்குள் இறங்குவேன். நீ ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம், கழுத்து வலிக்கும். நானே கேன்டீன் பின்கதவுக்கு வருகிறேன்.

அந்த ஒருத்தியிடம் சொல்லிவை. இடது கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.

தம்பி

செப்டம்பர் 8

என் தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. நான் சுகம் என்று எழுத மாட்டேன், இனிமேல் உள்ளதை எழுதுகிறேன். இடது முழங்கால் வலிக்கிறது. நாக்கு அப்படியேதான் இருக்கிறது. ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. பத்து நாள் இருந்துவிட்டு இப்படிப் பழக்கிவிட்டுப் போயிருக்க வேண்டாம்.

பதினெட்டாம் தேதி மூன்று பேரும் பருப்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில்தான் நின்றாய். நீ பார்க்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பருப்பை இறக்கி, கரண்டியில் எடுத்து, ஊதி, உன் கையில் விட்டேன். நீ நக்கிவிட்டு, ஏழு வயதில் செய்த மாதிரியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு கம்மிக்கா" என்றாய். என் கை உப்பு டப்பாவுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு போடலாம் என்று யோசிக்கிறேன் என்றுதானே நினைத்தாய்? அதில்லைடா. அதே ரெண்டு வார்த்தைக்குத்தான் அன்றைக்கு உன்னை அடித்து விரட்டாத குறையாக விரட்டினேன். இன்றைக்கு அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டாயா என்று நின்றுகொண்டிருந்தேன்.

நீ ஊருக்குப் போன மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து. நீ சொல்லச் சொன்னாய் என்றுதான் சொன்னேன், எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அவர் கையிலிருந்த ரிஜிஸ்டரை மூடி வைத்தார். அப்புறம், "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? கை அப்படியேதான இருக்கு. உப்புப் பார்க்க யாரையாவது பக்கத்துல வெச்சுக்கோங்க" என்றார். அவ்வளவுதான். இதற்கு மூன்று மாதம் காய் நறுக்கினேன். அடுப்பு இனி என்னிடம்தான்.

இப்போது சின்னவள்தான் உப்புப் பார்க்கிறாள். நல்ல பெண், ஆனால் என்னிடம் பயம். எதைக் கொடுத்தாலும் "சரியா இருக்குக்கா" என்கிறாள். நேற்று சோதித்துப் பார்க்கலாம் என்று உப்பே போடாமல் கொடுத்தேன். "சரியா இருக்குக்கா" என்றாள். சரியாக இருக்கிறது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் கிடைக்கும் போலிருக்கிறது. கம்மி என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல நீ ஒருத்தன்தான்.

அதற்காக வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே உட்கார்ந்துவிடாதே. மறுபடியும் நான் ஏதாவது சொல்லித் தொலைப்பேன். சொன்னாலும் இந்தத் தடவை மூன்று நாளில் வந்துவிடு. உன் ரோஷத்தின் ஆயுள் எனக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த முதல் சீட்டில் சொன்னவர் இடம் வெறுமையாக இருக்கிறது என்றாயே, அதை நிரப்பு. அக்கா என்று எழுது. சொன்னது நான்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். டைப்பிஸ்ட் அம்மாவையே அடிக்கச் சொல், அவர் எனக்காகக் கொஞ்சம் வருத்தப்படட்டும்.

உன் ஊர் வண்டி டிரைவரிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலை, அதுதான் அவ்வளவு தூரம் கெடாமல் வரும். யாரையும் உப்புப் பார்க்கச் சொல்லவில்லை. உள்ளங்கையில் கொட்டி, நீ பார்த்து எழுது. கம்மி என்றால் கம்மி என்றே எழுது. அடுத்த வாரம் அந்த வண்டி மறுபடி வரும், டப்பாவைக் கழுவிக் கொடுத்தனுப்பு. அதற்கடுத்த வாரம் நீ வர முடிந்தால் நீயே கொண்டுவா.

இந்தக் கடிதத்தில் எங்கேயும் சிவப்பு மை இல்லை, தேடாதே. மேனேஜர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதில் அகராதிக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் உனக்குத்தான்.

உன் அக்கா